ஒரு தாள் மிச்சம்

எங்கள் அலுவலகத்தில் காலை பத்தேகாலுக்கு டீ வரும். அன்றைக்கும் வந்தது. வாங்கிக்கொண்டேன். சர்க்கரை குறைவாக இருக்கிறது என்று சொன்னேன். டீக்காரரைக் கேட்டால் அவரும் இதையே சொல்வார்.

முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். யாரும் என்னைத் தேடி வரவில்லை, நானாகத்தான் இந்த ஸ்டேஷனுக்கு வந்தேன் என்பதை மட்டும் முதலில் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் வந்தேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

என் அப்பா சிறிய அச்சகம் ஒன்று வைத்திருந்தார். அவர் இறந்த பிறகு அச்சகத்தின் வரிக் கணக்கை மூடுவதற்கு இன்று நான் வேலை பார்க்கும் அலுவலகத்துக்குத்தான் அம்மா வந்தாள். நான்கு மாடி. லிஃப்ட் கிடையாது. இறப்புச் சான்றிதழ் கேட்டார்கள். அதன் நகல் கேட்டார்கள். நகல் சரியானது என்று இன்னொருவரின் கையெழுத்து கேட்டார்கள். வாரிசுச் சான்று, கட்டடக்காரரின் ஒப்புதல். ஒவ்வொரு முறை ஏறி வரும்போதும் ஏதோ ஒன்று குறைந்தது. நான் அப்போது கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தேன், துணைக்கு வந்தேன். ஒருநாள் இரண்டாவது மாடித் திருப்பத்தில் அம்மா படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்தாள்.

"அவர் செத்ததுல இவங்களுக்கு என்னடா சந்தேகம்?" என்றாள்.

அதற்குப் பதில் தேடித்தான் இந்த வேலைக்கு வந்தேன் என்றால் அது மிகை. தேர்வு எழுதினேன், கிடைத்தது. ஆனால் அந்தத் திருப்பத்தைத் தாண்டும்போது இன்றும் கால் ஒரு கணம் தயங்குகிறது.

எளிமைப்படுத்தும் பிரிவு என்று ஒன்றை ஆரம்பித்தபோது அதன் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். என்னைக் கத்தரி என்று கூப்பிடுவார்கள், முதுகுக்குப் பின்னால். எனக்கு அந்தப் பெயர் பிடிக்கும். சின்ன உணவுக் கடைக்காரர் வருடம் முழுவதும் நிரப்பிய தாள்களை ஒரே தாளாக்கினேன். வங்கிக்கு ஓர் எண், மின்சாரத்துக்கு ஓர் எண், ஆஸ்பத்திரிக்கு ஓர் எண், வரிக்கு ஓர் எண் என்று மனிதர்கள் அலைந்துகொண்டிருந்தார்கள். எல்லாவற்றையும் ஒரே எண்ணில் சேர்த்தோம். ஓரிடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். மக்கள் எனக்குக் கைகொடுத்தார்கள். ஒரு முதியவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

இறப்பை நான் முதலில் எளிதாக்கினேன். ஒரு கணக்கை மூடப் பல காரணங்கள் இருக்கலாம். தொழில் நின்றது, கைமாறியது, பங்காளி பிரிந்தார். அவற்றுக்கெல்லாம் தாள் வேண்டும். இறந்தார் என்பதற்கு மட்டும் ஒன்றும் வேண்டாம். ஒரு கட்டம், அதில் ஒரு டிக். டிக் போட்ட தேதியே இறந்த தேதியாகத் தானாக விழும். என் அம்மாவைப் போல இனி யாரும் படியில் உட்கார வேண்டியதில்லை.

கூடவே சில படிவங்களை எடுத்தேன். இறப்பைத் தவறாகப் பதிந்துவிட்டால் திருத்துவதற்கு ஒன்று இருந்தது. இறந்த தேதியை மாற்ற ஒன்று. பல வருடங்களாக அவற்றை யாரும் கேட்டதில்லை. யாரும் கேட்காத தாளை அலமாரியில் வைத்திருப்பது எனக்குப் பொறுக்காது.

இனி காயில்காரரைப் பற்றிச் சொல்கிறேன்.

அவர் மோட்டார்களுக்குக் காயில் சுற்றுபவர். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை உருவி எடுத்துவிட்டு, புதுக் கம்பியைக் கையால் சுற்றி வார்னிஷ் போடுவார். அவர் வந்தால் வார்னிஷ் வாசனை கவுன்ட்டர் வரைக்கும் வரும். முன்பு அவரும் அவர் அண்ணனுமாக இன்னொரு கடை வைத்திருந்தார்கள். அண்ணன் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டார். கடையும் போயிற்று. கணக்கு மட்டும் நின்றது. அதை மூடப் பங்காளியின் கையெழுத்து வேண்டும். பங்காளி எங்கே இருக்கிறார் என்று தெரியாது.

அவர் ஆறேழு தடவை வந்தார். கோபப்பட்டதில்லை.

"எங்கண்ணன் கிடைச்சா முதல்ல நான் ரெண்டு அறை விடுவேன் சார். அப்புறம் கையெழுத்து வாங்கித் தர்றேன்" என்பார்.

அந்தச் சமயம் இயக்குநர் என்னைக் கூப்பிட்டார். தேங்கிக் கிடக்கும் கோப்பு எதுவும் இருக்கக் கூடாது என்றார். ஆய்வுக் குழு வரப்போகிறது. கோப்புகள் தேங்கியிருந்தால் எளிமை தோற்றது என்று அர்த்தம். தோற்றுவிட்டால் பழைய படிவங்களையே மறுபடி அச்சடித்துக்கொள்ளலாம் என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். பேசிக்கொண்டே மேசை மேலிருந்த தூசியை விரலால் துடைத்தார். அம்மா படியில் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிந்தது. அம்மா இறந்து வெகுகாலம் ஆகிறது.

மூட முடியாத கோப்புகளை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஒவ்வொன்றுக்கும் ஏதாவது ஒரு தாள் குறைந்தது. தாள் எதுவும் கேட்காத காரணம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அதை வைத்தவன் நான்.

முதலில் ஊரை விட்டே போனவர்களை மட்டும் அந்த டிக்கைப் போட்டு மூடினேன். பிறகு, கடையை மூடிவிட்டு வீட்டில் இருப்பவர்களை. அவர்களுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை என்று நினைத்தேன். உண்மையில் அவர்கள் கேட்டதே அதைத்தான். கணக்கை மூடுங்கள் என்றார்கள், மூடினேன். காயில்காரரின் கோப்பும் அதில் இருந்தது. அதை மூடியபோது எனக்கு ஒரு திருப்தி இருந்தது. இனி அந்த மனிதர் படியேற வேண்டாம் என்று நினைத்தேன்.

எத்தனை பேர் என்று கேட்டீர்கள். எண்ணிக்கையை நீங்கள் கணினியிலேயே எடுத்துக்கொள்ளலாம். அத்தனை பேரும் கவுன்ட்டரில் வரிசையாக நின்றால், வரிசை நான்கு மாடியும் இறங்கி, வாசல் தாண்டி, பஸ் நிறுத்தம் வரைக்கும் போகும்.

ஒரே எண் என்பதை நான் மறந்துவிட்டேன் என்று சொல்ல முடியாது. அதுவும் என் வேலைதான். அந்தக் கோணத்தில் யோசிக்கவில்லை, அவ்வளவுதான்.

காயில்காரரின் வங்கிக் கணக்கு நின்றது. கடைக்கு மின்சாரத்தை நிறுத்தினார்கள். அவர் மனைவிக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. வாரத்தில் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அந்த ஆஸ்பத்திரி அட்டை குடும்பத் தலைவர் பெயரில் இருந்தது. அதுவும் நின்றது. ஆஸ்பத்திரியில்தான் அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள், நீங்கள் இறந்துவிட்டீர்கள் என்று.

அவர் வந்தார். அன்றும் கோபப்படவில்லை. கவுன்ட்டரில் எங்கள் பிரிவின் மூத்த அம்மா ஒருவர் இருப்பார். எல்லோருக்கும் அவர் கவுன்ட்டர் அம்மா. அவரிடம் குனிந்து, "அம்மா, நான் செத்துட்டேனாம். எங்க போய் உயிரோட வர்றது?" என்று கேட்டார்.

கவுன்ட்டர் அம்மா சிரித்துவிட்டார். பிறகு கணினியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் விசாரிப்பதாகச் சொன்னேன்.

அதற்குப் பிறகு தினமும் வந்தார்.

"என்ன, இன்னிக்கும் உயிரோட வந்துட்டீங்களா?" என்பார் கவுன்ட்டர் அம்மா.

"வர்ற வழியில செத்துடலாம்னுதான் பார்த்தேன். பஸ் வந்துடுச்சு."

முதல் சில வாரங்கள் இப்படிப் பேசினார்கள். பிறகு கவுன்ட்டர் அம்மா கேட்பதை நிறுத்திவிட்டார். காயில்காரரின் முகம் அப்படி ஆகிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கையிலிருந்து கட்டிக்கொண்டிருந்தார். கடையிலிருந்த செம்புக் கம்பிச் சுருள்களை எடைக்குப் போட்டார், பிறகு கம்பி சுற்றும் கருவியைப் போட்டார். வார்னிஷ் வாசனை வருவது நின்றது.

அவரை உயிர்ப்பிக்க என்னிடம் படிவம் இல்லை. அமைச்சகத்துக்கு எழுதலாம். எழுதினால் அந்த டிக்கைப் போட்டது யார் என்று கேட்பார்கள். ஒருவரை எழுப்பினால் மற்றவர்களும் எழுந்து வருவார்கள். எல்லாம் போய்விடும். பழைய தாள்கள் எல்லாம் திரும்பி வரும். நீங்கள் நினைப்பதுபோல என் வேலைக்காகப் பயப்படவில்லை. வேலை போனால் போகட்டும்.

ஒருநாள் அவர் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மா நான்கு மாடியும் ஏறி வந்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினார். முகம் வீங்கியிருந்தது. சடை மட்டும் மிகச் சீராக இருந்தது, ஒரு முடி பிசிறில்லாமல்.

"யாரு பின்னினது, இவ்வளவு நெருக்கமா?" என்று கவுன்ட்டர் அம்மா கேட்டார். பேச்சை மாற்றத்தான் கேட்டிருப்பார்.

"இவர்தான். ஊசி குத்துற கை, தூக்க முடியல. காலையில எழுந்ததும் முதல் வேலையா இவரே பின்னி விட்டுடுவாரு."

"காயில் சுத்துற கைக்கு இது ஒரு வேலையா?" என்றார் காயில்காரர். "முடி நல்லது. அறுந்தாலும் ஷாக் அடிக்காது."

எனக்கு ஒரு வழி தோன்றியிருந்தது. உதவி செய்யும் எண்ணத்தில்தான் சொன்னேன். கணவரை இழந்தவர்களுக்கு அவர்கள் பெயரிலேயே ஆஸ்பத்திரி அட்டை கொடுக்கும் முறை இருக்கிறது. முன்பு மாதக்கணக்கில் ஆகும். நான் அதை ஒரே தாளாக்கியிருந்தேன். விவரங்கள் தானாகவே அச்சாகி வரும். கையெழுத்துப் போட்டால் போதும். அன்றைக்கே அட்டை.

"நீங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டா, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகலாம்மா" என்றேன்.

அந்த அம்மாவுக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று.

"இவரைப் பக்கத்துல உட்கார வச்சுக்கிட்டா?"

"அது வெறும் தாள்மா."

"வெறும் தாள்தானே சார். உங்க வீட்டம்மாவைக் கூட்டிட்டு வந்து போடச் சொல்லுங்க."

காயில்காரர் குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "போட்டுடேன். உனக்கு ஆகணும்ல" என்றார், மிக மெதுவாக. அந்த அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எழுந்து படியை நோக்கி நடந்தார்.

காயில்காரர் மட்டும் ஒரு நிமிடம் நின்றார்.

"ஆய்வுக் குழு வருதாமே சார். கவுன்ட்டர்ல பேசிக்கிட்டாங்க."

"ஆமா."

"அன்னிக்கு நான் வந்து நடுக்கூடத்துல நிக்கிறேன். வேற ஒண்ணும் பண்ண மாட்டேன். சத்தம் போட மாட்டேன். செத்தவன் ஒருத்தன் நிக்கிறான்னு நாலு பேர் பார்க்கட்டும்." பிறகு, "உங்க மேல எனக்கு வருத்தம் ஒண்ணும் இல்ல சார்" என்றார்.

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அந்த வாரம் மொட்டைமாடித் தண்ணீர் மோட்டார் எரிந்துபோயிற்று. அதை நான் எரிக்கவில்லை. அது பழைய மோட்டார். கழிப்பறையில் தண்ணீர் இல்லை. கவுன்ட்டர் அம்மா எதிர்க் கட்டடத்துக்குப் போய் வந்துகொண்டிருந்தார். ஆய்வுக் குழு வரும்போது இப்படி இருக்கக் கூடாது. நான் காயில்காரரைக் கூப்பிட்டு அனுப்பினேன். இதை நீங்கள் செய்யுங்கள், வேலை ஆணை உங்கள் பெயரில் போடுகிறேன், அரசாங்கம் செத்தவருக்கு வேலை கொடுக்காது, அந்த ஆணையே நீங்கள் உயிரோடு இருப்பதற்குச் சாட்சி, அதை வைத்து மேலே எழுதலாம் என்றேன்.

அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் விரல் நுனிகள் காய்த்துப்போய், மழமழவென்று இருந்தன.

"இது எனக்குத் தோணலையே சார். நீங்க படிச்சவரு."

கருவி இல்லாமல், கம்பியை யாரிடமோ கடன் வாங்கி, கையாலேயே சுற்றிக்கொண்டு வந்தார். காலையில் மோட்டாரைத் தோளில் சுமந்து மாடியேறினார். அதைப் பொருத்தி, கம்பிகளை இணைக்க வேண்டும். மோட்டாருக்கான மெயின் சுவிட்ச் நான்காவது மாடி நடையில், மொட்டைமாடிப் படிக்குக் கீழே இருக்கிறது. மேலே இருப்பவருக்குச் சுவிட்ச் தெரியாது. சத்தம் மட்டும் கேட்கும்.

"முன்னாடியெல்லாம் ஒரு அனுமதிச் சீட்டு உண்டே சார்" என்றார். "ரெண்டு பேர் கையெழுத்துப் போட்டு சுவிட்சுல தொங்க விடுவாங்களே. ஆள் வேலை செய்றான், தொடாதேன்னு."

"அது இப்ப இல்ல. எடுத்துட்டோம்."

"போகட்டும். ஒரு தாள் மிச்சம்" என்று சிரித்துக்கொண்டே மேலே ஏறினார்.

நான் சுவிட்சுக்குப் பக்கத்தில் நின்றேன். நானே நிற்பதாகச் சொல்லியிருந்தேன்.

"மெயின் ஆஃப்பா சார்?" மேலிருந்து குரல் வந்தது.

"ஆஃப்" என்றேன். அப்போது அது ஆஃபில்தான் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

அவர் எதையோ முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தார். பாட்டாக இருக்கலாம். டீக்காரர் வந்தார். டம்ளரை இடது கையில் வாங்கினேன். சர்க்கரை குறைவு என்றேன். நாளைக்குச் சரியாகப் போடுகிறேன் என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த அறைக்குப் போனார்.

அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியது என்று கேட்கிறீர்கள். தெளிவாக நினைவிருக்கிறது. பதிவு ஒன்று சொல்கிறது, ஆள் வேறொன்று சொல்கிறார். இரண்டும் ஒன்றாக வேண்டும். பதிவைத் திருத்த வழி இல்லை. அவர் இருக்கும்வரை அவர் மனைவிக்கு அட்டை இல்லை. அவர் இல்லையென்றால் அன்றைக்கே அட்டை. யாருக்கும் ஒரு தாளும் கூடுதலாகத் தேவைப்படாது.

வலது கையால் சுவிட்சைப் போட்டேன். பாட்டு நின்றது. பெரிய சத்தம் ஒன்றும் வரவில்லை. நடையிலிருந்த விளக்கு ஒருமுறை மங்கிப் பிரகாசமானது. டீயைக் குடித்து முடித்தேன். சுவிட்சை அணைத்துவிட்டு மேலே போனேன்.

விபத்து என்று எழுதினார்கள். சுவிட்சுக்கு யார் பொறுப்பு என்று கேட்பதற்கு ஒரு சீட்டு இருந்திருக்கும். அது இல்லாததால் யாரும் கேட்கவில்லை. ஆய்வுக் குழு வந்தது. தேங்கிய கோப்பு ஒன்றும் இல்லை, குழாயில் தண்ணீர் வந்தது. மற்ற துறைகளுக்கும் இதைக் கொண்டுபோகலாம் என்று எழுதிவிட்டுப் போனார்கள்.

எப்போது முடிவு செய்தீர்கள் என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். சுவிட்ச் பக்கத்தில் நின்றபோதுதான் என்று இதுவரை நினைத்திருந்தேன். அந்த வேலை ஆணையின் நகல் எங்கே என்று சற்று முன்பு கேட்டீர்கள். அப்படி ஒன்றை நான் தட்டச்சு செய்யவே இல்லை. செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. நீங்கள் கேட்ட பிறகுதான் அது எனக்கே தெரிந்தது.

ஆனாலும் ஒன்று சொல்வேன். அந்தப் பதிவைப் பொய் என்று எழுதாதீர்கள். அது பொய் இல்லை. கொஞ்சம் முந்திவிட்டது.

நேற்று அந்த அம்மா வந்தார். கையெழுத்துப் போட வந்திருந்தார். நான்கு மாடி ஏறி, கவுன்ட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றார். முடியை அள்ளி ஒரு துணித் துண்டால் கட்டியிருந்தார். பாதி தோளில் சிக்கலாகக் கிடந்தது.

கவுன்ட்டர் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார். நானே எண்ணைத் தட்டினேன். நான் சொன்னபடியே ஒரு நிமிடத்தில் தாள் வந்தது. ஒரே தாள். எல்லாம் தானாகவே நிரம்பியிருந்தது. அவர் பெயர், கணவர் பெயர், கணவர் இறந்த தேதி. பேனாவைத் திறந்து கொடுத்தேன். இங்கே போட்டால் போதும் என்று விரலால் காட்டினேன்.

அந்த அம்மா கையெழுத்துப் போடவில்லை. தாளைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் படித்தார். தேதியில் விரலை வைத்தார். அது காயில்காரர் செத்த தேதி இல்லை, நான் டிக் போட்ட தேதி. அதை மாற்றப் படிவம் இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அதட்டவில்லை, அழவில்லை. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலத்தான் கேட்டார்.

"அப்ப இத்தனை மாசமா எனக்குச் சடை பின்னி விட்டது யாரு சார்?"